‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் குற்றவுணர்வு: சிங்கப்பூரின் நாடுகடத்தல் கைதிகள் வரலாற்றுப் பின்னணியில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பியோதர் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய ‘குற்றமும் தண்டனையும்’ என்னும் நாவல் 1866ஆம் ஆண்டில் ‘ருஸ்கி வெஸ்ட்னிக்’ என்னும் ரஷ்ய இதழில் தொடராக வெளிவந்தது. மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய எம்.ஏ. சுசீலா இதனைத் தமிழாக்கம் செய்த பின்னர், தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நாவலைத் தம் மொழியிலேயே படித்து விவாதிக்கும் வாய்ப்பு விரிந்தது. குற்றவுணர்வையும் அறத்தின் ஐயநிலையையும் ஆராயும் உளவியல் நாவல்களுள் இது தலையாயது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும், இந்நாவலை அறிமுகப்படுத்தும்போது ஒரு சுருக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. வறுமையில் வாடும் மாணவன் ஒருவன் அடகுக்கடைக் கிழவியைக் கொல்கிறான். மனச்சான்று உறுத்தவே வருந்துகிறான். வருந்தியதால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். தண்டனை பெற்றுத் திருந்துகிறான் என்பதே அச்சுருக்கம். நீதி புகட்டுவதற்கு இது மிகவும் வசதியானது. ஆனால் நாவல் சொல்வது இதுவன்று. ரஸ்கோல்னிகோவ் வருந்தியதால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட பின்னரும் நெடுங்காலம் வருந்தவில்லை. நாவலின் உயிர்நிலை இவ்விடைவெளியில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளச் சிங்கப்பூர் ஒரு தகுந்த இடம். தஸ்தயேவ்ஸ்கி சைபீரியச் சிறையில் இருந்த ஆண்டுகளிலும் இந்நாவலை எழுதிய ஆண்டுகளிலும், இந்தியாவில் தண்டிக்கப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்டோர் உழைத்த இடங்களுள் ஒன்றாக இந்நகரம் இருந்தது. நாவலையும் அவ்வரலாற்றையும் அருகருகே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றம் என்னும் சொல்

முதலில் தலைப்பை நோக்குவோம். ரஷ்ய மொழித் தலைப்பில் குற்றத்தைக் குறிக்கும் ‘ப்ரெஸ்துப்லேனியே’ என்னும் சொல்லுக்குக் ‘கடந்து செல்லுதல்’, ‘எல்லையைத் தாண்டுதல்’ என்னும் அடிப்பொருள் உண்டு. கதைத்தலைவனும் தன் செயலை அவ்வாறே காண்கிறான். மனிதர்கள் இருவகையினர், பெரும்பாலோர் சட்டத்திற்கு அடங்கி வாழ்பவர்கள், மிகச் சிலரே உயர்ந்த நோக்கத்திற்காக எல்லையைத் தாண்டும் உரிமை உடையவர்கள் என்பது அவன் இதழொன்றில் எழுதிய கட்டுரையின் சாரம். தான் எவ்வகையினன் என்று அறியவே அவன் கோடரியை எடுக்கிறான்.

தமிழில் ‘குற்றம்’ என்னும் சொல் எல்லை மீறலை நேரடியாகச் சுட்டுவதில்லை. இதனை மொழிபெயர்ப்பின் இழப்பு என்று கூறிவிடலாம். ஆனால் தமிழ்ச் சொல் வேறொன்றைத் தருகிறது. திருக்குறளின் 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதல், சட்டத்தை மீறிய செயல்களைப் பற்றிப் பேசுவதில்லை. செருக்கு, சினம், இவறல் முதலிய உள்ளத்தின் மாசுகளைப் பற்றியே பேசுகிறது. எனவே தமிழில் குற்றம் என்பது நீதிமன்றம் காணும் செயலாகவும் இருக்கிறது. செயலுக்கு முன்பே உள்ளத்தில் குடிகொண்ட மாசாகவும் இருக்கிறது. கொலை நிகழ்வதற்கு முன்பே ரஸ்கோல்னிகோவின் செருக்கை நமக்கு விரிவாகக் காட்டும் நாவலுக்கு இவ்விரட்டைப் பொருள் மிகவும் பொருந்துகிறது எனலாம்.

மற்றொரு குறட்கருத்தும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கொடிய கொலைஞரை அரசன் தண்டித்தல் பயிரைக் காக்கக் களையெடுப்பதைப் போன்றது என்று செங்கோன்மை அதிகாரம் கூறுகிறது. ரஸ்கோல்னிகோவும் களையெடுப்பதாகவே எண்ணுகிறான். யாருக்கும் பயனற்ற, பலரின் வறுமையைத் தின்று வாழும் கிழவி ஒருத்தி இறந்தால் அவள் பணத்தால் நூறு நற்செயல்கள் செய்யலாமே என்னும் கணக்கை அவன் ஒரு மதுக்கடையில் பிறர் பேசக் கேட்கிறான். அது தன் மனத்திலும் முளைத்த கணக்கே என்று கண்டு திடுக்கிடுகிறான். ஆயின், வள்ளுவர் களையெடுக்கும் பணியை முறைமன்றத்திற்கு உரிய அரசனிடமே வைக்கிறார். அதே அதிகாரத்தில் ஆராய்ந்து, நடுநிலை பிறழாது செய்தலையும் வற்புறுத்துகிறார். ரஸ்கோல்னிகோவ் செங்கோலைத் தானே எடுத்துக்கொள்கிறான். ஆராய்வோனும் அவனே, தீர்ப்பளிப்போனும் அவனே, கொல்வோனும் அவனே. களை என்று பெயரிட்ட பின் எதிரே நிற்பவர் மனிதராகத் தோன்றுவதில்லை. நாவல் தோலுரித்துக் காட்டும் முதற் பிழை இதுவேயாகும்.

வருந்தாத வாக்குமூலம்

ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்ட இந்நாவலில் கொலை முதற்பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்பது வாசகருக்குத் தெரியும். எனவே இது துப்பறியும் கதையன்று. எஞ்சிய பாகங்கள் முழுவதும் கொலைக்குப் பிந்திய மனநிலையே விரிகிறது.

அம்மனநிலையை நாம் எளிதாகக் ‘குற்றவுணர்வு’ என்று பெயரிட்டு விடுகிறோம். நாவலாசிரியர் அவ்வாறு பெயரிடுவதில் மிகுந்த கவனம் காட்டுகிறார். ரஸ்கோல்னிகோவுக்குக் காய்ச்சல் வருகிறது. அவன் மயங்கி விழுகிறான். திருடிய பணப்பையை எண்ணிக்கூடப் பாராமல் ஒரு கல்லின் கீழ்ப் புதைத்துவிடுகிறான். தாயையும் தங்கையையும் காணும்போது அவர்களைத் தழுவக் கை எழவில்லை. இவையனைத்தும் உடலிலும் உறவிலும் நிகழ்வன. அவன் அறிவோ இறுதிவரை வாதாடிக்கொண்டே இருக்கிறது. தான் கொன்றது தீமை பயக்கும் ஓர் அற்பப் பூச்சியை என்றே அவன் தன் தங்கையிடம் சினந்து கூறுகிறான். அதுவும் காவல் நிலையத்திற்குச் செல்லப் புறப்படும் வேளையில். பொய்த்தவனை அவன் நெஞ்சே வருத்தும் என்பது வள்ளுவர் கருத்து. இங்கு நெஞ்சு வருத்துகிறது. அறிவு அதற்கு இசையவில்லை. பிளவு என்னும் பொருளுடைய ‘ரஸ்கோல்’ என்னும் சொல்லிலிருந்தே இக்கதைத்தலைவனின் பெயர் அமைந்தது என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

அவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? தனிமையைத் தாங்க இயலாமை ஒரு காரணம். விசாரணை அதிகாரியான பொர்ஃபிரியின் நுட்பமான நெருக்குதல் மற்றொன்று. சோனியாவின் அன்பு பிறிதொன்று. காவல் நிலையத்திற்குள் சென்றவன் ஒப்புக்கொள்ளாமலே வெளியேறுகிறான். வாயிலில் நிற்கும் சோனியாவின் முகத்தைக் கண்டபின்னரே திரும்பிச் சென்று உண்மையைக் கூறுகிறான். பின்னுரையில், சைபீரியாவில் தண்டனை அனுபவிக்கும்போதும், தன் கடந்த காலத்தில் பெருங்குற்றம் எதனையும் அவன் காண்பதில்லை. செய்ததைத் தாங்கி நிற்க முடியாமல் ஒப்புக்கொண்டதே தன் பிழை என்று கருதுகிறான். நாவல் முழுவதையும் படித்த ஒருவர் இதனைக் கடந்து சென்று ‘மனச்சான்றின் வெற்றி’ என்று எழுதுவது பொருந்தாது.

தஸ்தயேவ்ஸ்கி இந்நாவலை முதலில் குற்றவாளியே தன் கதையைக் கூறும் தன்மைக்கூற்றாகத் தொடங்கிப் பின்னர் அதனைக் கைவிட்டுப் படர்க்கைக்கு மாற்றினார். தன்மைக்கூற்று ஒரு வாக்குமூலம். வாக்குமூலம் தருபவன் தன்னை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். தன்னையே அறியாத ஒருவனைக் காட்ட, அவனுக்கு மிக அருகில் நின்றும் அவனாகிவிடாத ஒரு குரல் தேவைப்பட்டது என்று நாம் கொள்ளலாம்.

பாண்டியனும் ரஸ்கோல்னிகோவும்

தமிழ் மரபில் குற்றவுணர்வுக்கு மிகச் சிறந்த சான்று சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆவான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த கணத்தில் அவன் தன் தவற்றை உணர்கிறான். தானே கள்வன் என்று கூறுகிறான். அக்கணமே உயிர் துறக்கிறான். அறிதல், ஒப்புதல், தண்டனை ஆகிய மூன்றும் அங்கு ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அவற்றுக்கு இடையில் காலமே இல்லை. அறம் அங்குக் கூற்றாகவே வந்துவிடுகிறது.

தஸ்தயேவ்ஸ்கி இம்மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட காலத்தை வைக்கிறார். வரிசையையும் மாற்றுகிறார். முதலில் தண்டனை தொடங்குகிறது. அதாவது கொலை நடந்த அன்றிரவே உறவுகளிலிருந்து அறுபட்டுப் போதல். அடுத்து ஒப்புதல். இறுதியாகவே, அதுவும் பின்னுரையின் கடைசிப் பக்கங்களில், அறிதலின் தொடக்கம். பாண்டியனுக்குக் கிட்டிய உடனடி மரணம் ரஸ்கோல்னிகோவுக்குக் கிட்டவில்லை. அவன் எட்டாண்டுக் கடின உழைப்புத் தண்டனை பெற்று உயிர் வாழ்கிறான்.

இங்குச் சட்டப் பின்னணியும் கருதத்தக்கது. அக்கால ரஷ்யாவில் இத்தகைய கொலைக்கு மரண தண்டனை வழக்கிலில்லை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்திலோ, கொல்லும் நோக்குடன் செய்த கொலைக்கு மரண தண்டனை கட்டாயமாகும். ஆகவே ‘இரண்டு பேரைக் கொன்றவனுக்கு எட்டாண்டுகள் மட்டும்தானா?’ என்னும் வினா நம் மாணவர்களிடம் எழுதல் இயல்பு. அவ்வினாவைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கொன்றவன் உயிரோடிருப்பதனால்தான் இந்நாவல் இயலுகிறது. தண்டனை ஒரு கணமாக முடியாமல் ஒரு வாழ்க்கையாக நீள்வதால்தான், குற்றம் செய்தவனுக்குள் என்ன நிகழ்கிறது என்னும் வினாவுக்கு இடம் பிறக்கிறது. அவ்வாறு நீண்ட தண்டனை வாழ்க்கைகள் சிங்கப்பூருக்கும் புதியனவல்ல.

நாடுகடத்தப்பட்டோர் கட்டிய நகரம்

1825 ஏப்ரல் மாதத்தில் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டோரும் வங்காளத்திலிருந்து நாடுகடத்தப்பட்டோரும் இருந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்து நேரடியாகவும் பலர் அனுப்பப்பட்டனர். பிராஸ் பசா பகுதியில் அவர்களுக்கான சிறை அமைந்தது. 1873இல் அச்சிறை மூடப்படும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், இந்நகரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களின் உழைப்புச் சேர்ந்தது. 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1861இல் வழிபாடு தொடங்கிய இன்றைய புனித ஆண்ட்ரூ தேவாலயமும், 1867 முதல் 1869 வரை எழுப்பப்பட்ட இன்றைய இஸ்தானாவும் அவ்வுழைப்பின் சான்றுகள். சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு அரைத்துப் பூசும் சென்னைச் சுண்ணச்சாந்து அத்தேவாலயத்தின் சுவர்களில் பயன்பட்டது. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியின் நடுவே செல்லும் சிராங்கூன் சாலையை ஒட்டிய அரசாங்கச் செங்கற்சூளைகளிலும் கைதிகள் உழைத்தனர்.

இதனை அறிந்த வாசகர்க்கு நாவலின் பின்னுரை வேறு விதமாக ஒலிக்கும். அங்கு ரஸ்கோல்னிகோவ் ஆற்றங்கரையில் ஒரு சூளையில் வேலை செய்கிறான். பளிங்குச் சுண்ணக்கல்லைச் சுட்டு இடிப்பது அவன் பணி. அவ்வாற்றங்கரையில்தான் ஒருநாள் காலையில் சோனியா வந்து அருகில் அமர்கிறாள். அவன் அவள் காலடியில் விழுகிறான். தஸ்தயேவ்ஸ்கி இதனைக் கேள்வியறிவால் எழுதவில்லை. அரசுக்கு எதிரான குழுவில் இருந்ததாக 1849இல் கைதுசெய்யப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கொலைக்களம்வரை கொண்டு செல்லப்பட்டுக் கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பெற்று, 1850 முதல் நான்காண்டுகள் ஓம்ஸ்க் சிறையில் கொலைஞர்களோடு உழைத்தவர் அவர்.

அதே 1850ஆம் ஆண்டில், ஆங்கிலேயரை எதிர்த்த சீக்கியத் தலைவர் பாய் மகராஜ் சிங் சிங்கப்பூருக்கு நாடுகடத்தப்பட்டார். 1856இல் இங்கேயே சிறையில் இறந்தார். கிளர்ச்சி செய்தவரும் கொலை செய்தவரும் ‘கைதி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். யார் குற்றவாளி, எதன் முன் குற்றவாளி என்னும் வினா கற்பனை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நெற்றியில் எழுதிய சொல்

வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் முறை இருந்தது. 1849இல் அது ஒழிக்கப்பட்டது. அவ்வெழுத்தைச் சுமந்தவர்கள் சிங்கப்பூரிலும் வாழ்ந்தனர். தலைப்பாகையால் அதனை மறைத்துக்கொள்ள முயன்றோரும் உண்டு. ‘தலையெழுத்து’ என்பதை நாம் ஊழைக் குறிக்கும் சொல்லாக வழங்குகிறோம். இவர்களுக்கோ அரசே தலையெழுத்தை எழுதியது. ஒருவன் செய்த ஒரு செயல் அவனுடைய முழுப்பெயராக மாறி, தோலில் தங்கிவிட்டது.

நாவல் இதற்கு நேர்மாறான பணியைச் செய்கிறது. ‘கொலைகாரன்’ என்னும் ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்காதவற்றை நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரிக்கிறது. கொன்ற கையே, குதிரைவண்டியில் அடிபட்டு இறந்தவரின் குடும்பத்திற்குத் தன்னிடம் இருந்த பணம் முழுவதையும் ஈகிறது. இவ்வீகை கொலையை ஈடுசெய்துவிடுவதாக நாவல் கூறவில்லை. கொலை இவ்வீகையை அழித்துவிடுவதாகவும் கூறவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துவிட்டு விலகி நிற்கிறது. அறத்தின் ஐயநிலை என்று நாம் கூறுவது இதனையே. ஐயநிலை என்றால் ‘எல்லாம் சரியே’ என்று பொருளாகாது. ஒரு சொல்லில் தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு இல்லை என்றே பொருளாகும்.

சிங்கப்பூர்க் கைதிகளைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அதிகாரிகள் எழுதியவற்றிலிருந்தே கிடைக்கின்றன. இங்குக் கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், பெய்லிஸ் என்பவரோடு சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்னும் பொருளுடையது. நன்னடத்தைக்கு ஏற்பக் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, படிப்படியாக உயர்த்தி, அவர்களிலிருந்தே மேற்பார்வையாளரைத் தேர்ந்த முறையை அந்நூல் பெருமையுடன் விவரிக்கிறது. அம்முறை அக்காலத்துப் பிற சிறைகளை நோக்க மேலானதாகவே தோன்றுகிறது. ஆனால் நடத்தையைத்தான் ஏடு பதிவு செய்யும். வெளியே அடக்கம் காட்டி உயர்ந்த ஒருவன் உள்ளே வருந்தினானா, தன் செயலை இன்னும் நியாயமென்றே கருதினானா, ஊரில் விட்டுவந்த தாயை எண்ணினானா என்பதற்கு ஏட்டில் இடமில்லை. ரஸ்கோல்னிகோவ் இங்கு இருந்திருந்தால், வருந்தாமலே நல்ல வகுப்புக்கு உயர்ந்திருக்கக் கூடும். திருந்தியவன் என்று ஏடு எழுதும் இடத்தில், திருந்துதல் இன்னும் தொடங்கவே இல்லை என்று நாவல் எழுதுகிறது.

லிஸாவெதாவை மறத்தல்

இதுவரை கூறியதோடு நின்றுவிட்டால் நாமும் ஒரு பிழையில் வீழ்வோம். நாவல் கொன்றவனுக்கு உள்ளம் தருகிறது, கொல்லப்பட்டோருக்கு?

ரஸ்கோல்னிகோவ் கொன்றது இருவரை. அடகுக்கடைக்காரி அல்யோனா இவானோவ்னாவைத் திட்டமிட்டுக் கொன்றான். அவளுடைய தங்கை லிஸாவெதா எதிர்பாராமல் வீட்டுக்குள் வந்ததால் அவளையும் கொன்றான். லிஸாவெதா இரவும் பகலும் தமக்கைக்காக உழைத்தவள். வெளியே தைத்தும் வீடு துடைத்தும் ஈட்டிய கூலியைத் தமக்கையிடமே கொடுத்தவள். கோடரி ஓங்கப்பட்டபோதும் முகத்தை மறைக்கத் துணியாதவள். நூறு நற்செயல்கள் என்னும் கணக்கில் அவளுக்கு இடமே இல்லை. எந்த ஏழைகளின் பெயரால் அக்கணக்குப் போடப்பட்டதோ அவ்வேழைகளுள் ஒருத்தி அவள். கோட்பாடு அவளைக் கொன்றதிலேயே உடைந்துவிட்டது. ஆனால் ரஸ்கோல்னிகோவ் அவளை மறந்துவிடுகிறான். ஏன் அவளை நினைப்பதே இல்லை என்று தானே ஓரிடத்தில் வியக்கிறான். நாவலைச் சுருக்கிக் கூறும் நாமும் ‘கிழவியைக் கொன்றவன்’ என்றே கூறி, அவளை மறந்துவிடுகிறோம்.

நாவலாசிரியர் மறக்கவில்லை. சோனியா ரஸ்கோல்னிகோவுக்கு வாசித்துக் காட்டும் புதிய ஏற்பாடு லிஸாவெதா கொடுத்தது. சோனியா அணிந்துகொள்ளும் செப்புச் சிலுவையும் லிஸாவெதாவுடையது. இறுதியில் சைபீரியச் சிறையில் ரஸ்கோல்னிகோவின் தலையணைக்கு அடியில் இருக்கும் நூலும் அதே நூலே. அவன் அதனை இன்னும் திறக்கவில்லை. தான் கொன்றவளின் கைப்பட்ட பொருளின்மேல் தலைவைத்து உறங்குகிறான். அதனை உணர்ந்தானா என்று நாவல் நமக்குக் கூறுவதில்லை. குற்றவுணர்வைப் பற்றி நாவல் கூறும் கடைசிச் செய்தி நமக்கு இதுவாகவே படுகிறது: உணர்ச்சி வருமுன்பே கடன் வந்துவிடுகிறது.

சிங்கப்பூர் வரலாற்றுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். தேவாலயத்தைக் கட்டிய கைதிகளை இன்று நாம் பரிவோடு நினைவுகூர்கிறோம், அது தக்கதே. ஆனால் அவர்களுள் கொலை செய்தோரால் ஊரில் உயிரிழந்தவர்களுக்கு எவ்விடத்திலும் நினைவுச்சின்னம் இல்லை. ஒருவருக்குக் காட்டும் பரிவு மற்றொருவரை மறக்கச் செய்யாதிருத்தல் கடினமான பயிற்சி. இந்நாவல் அப்பயிற்சியைத் தருகிறது.

வகுப்பறை நோக்கு

தமிழ் ஆசிரியர் இந்நாவலைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம் என்பது நம் பரிந்துரை. ஒப்புக்கொள்வதும் வருந்துவதும் ஒன்றா? ஒருவரைக் களை என்று பெயரிடும் அதிகாரம் யாருக்கு உண்டு? நாம் சொன்ன கதைச்சுருக்கத்தில் யாருடைய பெயர் விடுபட்டது? இவ்வினாக்களுக்கு நாவலிலிருந்து சான்று காட்டுமாறு கேட்டால், நீதிபோதனை தானாகவே விலகி, இலக்கியக் கல்வி தொடங்கும். பாண்டியனின் கதையை ஒப்பிட்டுக் கற்பிப்பது, இரு மரபுகளுள் எது உயர்ந்தது என்று காட்டுவதற்காக அன்று. குற்றத்திற்கும் அறிதலுக்கும் இடையிலான காலத்தை இலக்கியம் எத்தனை விதமாக அமைக்க இயலும் என்று காட்டுவதற்காகும்.

முடிவுரை

‘குற்றமும் தண்டனையும்’ மனச்சான்றின் எளிய வெற்றியைக் கூறும் நாவலன்று. குற்றம், ஒப்புதல், வருத்தம், தண்டனை ஆகியவை தத்தம் வழியில் வேறுவேறு காலத்தில் நிகழ்வதையும், அவை இறுதியில் ஒன்றுசேரக் கூடும் என்னும் நம்பிக்கையை மட்டுமே நாவல் தருவதையும் மேலே கண்டோம். அது தண்டனையின் முடிவைக்கூடக் காட்டுவதில்லை. இன்னும் ஏழாண்டுகள் எஞ்சியிருக்கும்போதே கதை நின்றுவிடுகிறது.

பிராஸ் பசாவில் கைதிகள் வாழ்ந்த சிறை இன்றில்லை. அவர்கள் பூசிய சுண்ணச்சாந்தின்மேல் பிற்காலப் பூச்சுகள் பல ஏறியுள்ளன. விடுதலை பெற்றபின் இந்நகரிலேயே தங்கிவிட்டோரின் வழித்தோன்றல்கள் யாவர் என்று எவரும் நெற்றியைப் பார்த்துச் சொல்லிவிட இயலாது. ஓர் அரசு எழுதிய தலையெழுத்து அவ்வாறு அழிந்துபோனதில் நமக்கு வருத்தமில்லை. அவ்வெழுத்தின் பின்னால் இருந்த உள்ளங்களை எவரும் எழுதவில்லை என்பதே வருத்தம். அவற்றைத் தமிழில் எழுதப்போகும் நாவலாசிரியர் நம் வகுப்பறைகளில் ஒன்றில் இன்று அமர்ந்திருக்கக் கூடும். அவருக்கு ரஸ்கோல்னிகோவைத் திருந்திய நல்லவனாக அறிமுகப்படுத்தாதிருத்தல் நம் கடமையாகும்.